வெள்ளைப் புடவையில் சிறுகிழங்கு

குற்றச்சாட்டு: 2026ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் உள்ள வீட்டில், தை மாதம் முடியும்வரை சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று திருமதி சாராள் ஏசுதாசன் தம் கணவருக்கு ஆணையிட்டார். முன்னறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படுவது துணி துவைக்கும் இயந்திரத்தில்; தண்டனை விழுந்ததோ அடுப்பில். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது இன்றுவரை விளக்கப்படவில்லை.

பாதிக்கப்பட்ட ஏசுதாசன், மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் படிப்புக்கு மேல் அவர் கற்றதெல்லாம் தாமாகவே கற்றது. அதனால் தப்பாகக் கற்றதற்கும் வேறு யாரையும் குறை சொல்ல அவருக்கு வழியில்லை. எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட மனம் வராதவர். மிக்ஸி வாங்கிய ரசீதும், அந்த மிக்ஸி செத்து எடைக்குப் போனபோது பழைய இரும்புக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டும், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள் போல, ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன.

சாராள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. அவர் ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது. மகள் பிளஸ்ஸி திருமணமாகிப் பெங்களூருவில் இருக்கிறாள். ஆகவே வீட்டில் இருவர்தான். ஏசுதாசன் ஓய்வு பெற்றபோது ஓர் ஏற்பாடு உண்டானது: வார நாட்களில் சாராள் சமையல், சனி ஞாயிறு அவர் சமையல். இந்த ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் விட்டது, ஆவணங்களோடு வாழ்ந்த ஒரு மனிதர் தம் வாழ்நாளில் செய்த பெரும் கவனக்குறைவு.

அவருடைய சமையலுக்கு ஒரே விதிதான். மாடம்பாக்கம் சாலையில் ஒரு பள்ளி மைதானத்தில் சனிக்கிழமை காலையில் விவசாயிகள் சந்தை கூடும். செங்கல்பட்டு, படப்பை, மதுராந்தகம் பக்கங்களில் இருந்து பயிர் வைத்தவர்களே கொண்டு வந்து விற்பார்கள். அன்று அங்கே எது வந்திருக்கிறதோ, அதுவே அந்த வாரச் சமையல். கோடையில் வெள்ளரியும் கத்தரியும், மழை விட்டதும் அவரையும், மார்கழியில் பச்சை மொச்சையும் பரங்கியும். பருவம் தவறிய காயை அவர் தொட மாட்டார். பனி ஈரத்தோடு குவித்து வைத்த அவரைக்காயின் வாசனையை முகர்ந்துகொண்டு, தரச்சோதனை அதிகாரியின் நடையில், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். அவர் ஓய்வு பெற்றுவிட்டதை அவருடைய கால்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

விதி என்னவோ நல்ல விதிதான். நடைமுறையில்தான் அது அவ்வப்போது தொண்டையில் சிக்கியது. கருணைக்கிழங்கு ஒரு சான்று. நாள்பட்ட கிழங்கு அரிக்காது, புதுக்கிழங்கு அரிக்கும் என்று வாங்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பொருளும் புதியதாக இருப்பதே சிறப்பு என்ற தொழிற்சாலைக் கொள்கைப்படி, அவர் அன்று காலை தோண்டியதைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த நாள் ஆராதனையில் கணவனும் மனைவியும் ஒரு பாட்டைக்கூட வாய் திறந்து பாடவில்லை. ஆழ்ந்த தியானத்தில் இருந்ததாகப் போதகர் அவர்களைப் பாராட்டினார்.

இனி வழக்குக்கு வருவோம்.

ஜனவரி 3ஆம் தேதி சந்தைக்குச் சிறுகிழங்கு வந்தது. மார்கழி, தை மாதங்களில் மட்டும் தலைகாட்டுகிற பொருள் அது. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்து தாம்பரத்தில் குடியேறியவர்கள் அந்த இரண்டு மாதமும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே திரிவார்கள். ஏசுதாசனும் சாராளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்களே. சாயர்புரத்துக்காரரான சுந்தர்சிங், மதுராந்தகத்துக்கு அருகே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இந்தக் கூட்டத்தை நம்பியே ஒரு பாத்தியில் அதைப் போட்டிருந்தார்.

கட்டைவிரல் அளவுகூட இல்லாத கிழங்கு. கருத்த தோல், தோலெல்லாம் மண். உரித்தால் உள்ளே வெள்ளை. உரிக்கிறவர்களின் விரல்தான் கறுத்துப் போகும். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் ஒரு வாரத்துக்கு அசையாது. நாள் முழுவதும் பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் முன்னால் கை நீட்டிப் பேச வேண்டிய சாராள், இந்தக் காரணத்தாலேயே பல வருடமாக அதை வீட்டுக்குள் விடவில்லை. கோணியில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் போகும், மீதியைக் கத்தியால் சுரண்ட வேண்டும் என்று சுந்தர்சிங் சொன்னார்.

"அவ்வளவு பொறுமை உங்களுக்கு இருக்கா அண்ணாச்சி?"

"பொறுமை எதுக்கு? முறை இருந்தா போதும்."

இந்த வாக்கியத்தைப் பிற்பாடு ஏசுதாசன் பலமுறை திரும்பப் பெற விரும்பியதுண்டு.

அந்த முறையை வண்டியில் வரும்போதே அவர் கண்டுபிடித்துவிட்டார். தொழிற்சாலையில் சின்ன உதிரிபாகங்களின் விளிம்பில் பிசிறு இருக்கும். அவற்றை ஓர் உருளைக்குள் போட்டுச் சுழற்றுவார்கள். ஒன்றோடொன்று உரசிப் பிசிறு உதிர்ந்துவிடும். கிழங்கும் உதிரிபாகம், தோலும் பிசிறு, வீட்டிலும் ஓர் உருளை இருக்கிறது. அன்று மாலை சாராள் ஆலயத்தின் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், கிழங்கை ஒரு கோணிப்பையில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தில் இறக்கினார். கனமான துணிகளுக்கான பொத்தானை அமுக்கினார். சோப்புத்தூள் போடவில்லை. அந்த அளவுக்கு நிதானம் இருந்தது என்பது பதிவாக வேண்டும்.

சணல் பாதியில் அவிழ்ந்தது. ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் விழுவது போன்ற சத்தம் மாடிப்படி வரை கேட்டது. எதிர்வீட்டுத் திரிபுரசுந்தரி மாமி கதவைத் திறந்துகொண்டு வந்து, உள்ளே யாராவது அம்மி கொத்துகிறார்களா என்று விசாரித்தார். கிழங்கு உரிந்துகொண்டிருக்கிறது மாமி என்று ஏசுதாசன் உள்ளபடியே பதில் சொன்னார். மாமி சிறிது நேரம் யோசித்துவிட்டு, தம் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மூடியைத் திறந்தபோது கண்ட காட்சி, அவருடைய பணிக்காலத்தில் எந்த உருளையும் தராதது. ஒவ்வொரு கிழங்கும் பல் தேய்த்த குழந்தை மாதிரி பளிச்சென்று கிடந்தது. ஒரு நகத்திலும் கறை இல்லை. அவர் இயந்திரத்தை ஒரு முறை வெறுமனே ஓடவிட்டு, உள்ளே ஈரத்துணியால் துடைத்து, மூடிவிட்டார். உருளையின் அடித்தட்டுக்குக் கீழேயும் ஓர் உலகம் இருக்கிறது என்பது இயந்திரத்தோடு வந்த கையேட்டில் படத்துடன் போட்டிருக்கிறது. அந்தக் கையேடு அவருடைய கோப்பில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் பொரியல் செய்தார். கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் சிவந்ததும் கொட்டி, அடி லேசாக முறுகும் வரை கிளறாமல் விட்டார். இதுவரை எல்லா வீட்டிலும் உள்ளது. பூண்டைத் தோலோடு நசுக்கி, ஒன்றிரண்டாய்ப் பொடித்த மிளகோடு சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடிவைத்தார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பூண்டின் பச்சை வாடை பாதி அடங்கி, மீதி மூக்கைத் தொடும். வேறு யாரும் இப்படிச் செய்வதாக அவர் கேள்விப்பட்டதில்லை. தேவையில்லை என்பதால் இருக்கலாம்.

வெளியே வெந்தயக்கலர் முறுகல், உள்ளே வெண்ணெய் போன்ற மாவு, கடித்ததும் மண்வாசனை. சாராள் முதல் கரண்டியை ரசத்தோடு சாப்பிட்டார். இரண்டாவதைச் சோறில்லாமல் சாப்பிட்டார். மூன்றாவதற்குக் கிண்ணத்தையே அருகில் இழுத்துக்கொண்டார். எப்படி உரித்தீர்கள் என்று கேட்டதற்கு, தேய்த்தேன் என்று ஏசுதாசன் சொன்னார். அது பொய்யல்ல. அவர் காத்திருந்தார். சாராள் கை கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார். நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் வரவில்லை. எதிர்வீட்டு மாமி பூண்டு சேர்ப்பதில்லை. ஆக, இயந்திரத்தின் சத்தத்துக்குச் சாட்சி உண்டு. பொரியலின் சுவைக்கு உலகத்திலேயே ஒரே ஒரு சாட்சிதான், அவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, வாரத்துக்கு ஒரு முறை துணி போடும் நாள். வெள்ளைத் துணிகள் எப்போதும் முதலில். மறுநாள் பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு. எல்லோரும் ஊதாக் கரை போட்ட வெள்ளைச் சீருடைப் புடவையில் வர வேண்டும். சாராள் முன்னால் நின்று வேதபாடம் வாசிக்க வேண்டும். அந்தப் புடவை உள்ளே போனது. வெளியே வந்ததைச் சாராள் டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"இது என்ன?"

"மண்ணு."

"எங்க மண்ணு?"

"மதுராந்தகம்."

சாராள் புடவையை உதறினார். சுருண்ட கருந்தோல் ஒன்று பறந்து வந்து ஏசுதாசனின் சட்டையில் உட்கார்ந்தது. இந்தக் கட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் வழக்கே வந்திருக்காது. ஆனால் தர அறிக்கையில் குறையை மட்டும் எழுதக் கூடாது, நிறையையும் எழுத வேண்டும் என்று அவர் பழகிவிட்டார்.

"ஆனா ஒண்ணு பாரு சாராள். கிழங்கு மாவு இறங்கி, கஞ்சி போடாமலே விறைப்பா நிக்குது."

ஆணை அப்போதுதான் பிறந்தது. "தை முடியிற வரைக்கும் நீங்க அடுப்படிப் பக்கம் வரக் கூடாது, பிளஸ்ஸி அப்பா." குரலை உயர்த்தவில்லை. பள்ளியில் பெரிய தண்டனைகளை அவர் இப்படித்தான் கொடுப்பார் என்று கேள்வி.

மறுநாள் அவர் அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு போய், எல்லோருக்கும் முன்னால் நின்று வாசித்தார். சங்கச் செயலாளர் கெசியா, அக்காவுக்கு மட்டும் சந்தனக் கலரில் எப்படிக் கிடைத்தது என்று ஆசையாகக் கேட்டாராம். இது சந்தனம் இல்லை, கிழங்கு, மீதியை அண்ணனிடம் கேட்டுக்கொள் என்று சாராள் சொன்னாராம். ஆலய வாசலில் அன்று ஏசுதாசனிடம் கேட்டுக்கொண்டவர்கள் பலர்.

புடவைக்கான பொறுப்பை அவர் மறுக்கவே இல்லை. சலவைக்காரரிடம் கொடுத்தார், எலுமிச்சம் பழம் தேய்த்தார், வெயிலில் போட்டார். புடவை கிழங்கு நிறத்தில் இருந்து டீ நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவர் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே பார்த்து, சார் இதுல என்ன விவசாயம் பண்றீங்க என்று கேட்டார். அதையும் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாதது தடையின் காலக்கணக்கு. தை முடியும்போது சிறுகிழங்கும் முடிந்துவிடும். ஒரு பருவத்தை முழுதாக இழந்தால் அடுத்தது வர ஒரு வருடம். அதற்குள் அந்த ஒரே சாட்சி, தாம் சாப்பிட்டதையே மறந்துபோகக் கூடும்.

தடைக்காலத்தில் வீட்டுக்குக் காய்கறி கைப்பேசி வழியாக வந்தது. வருடம் முழுவதும் ஒரே முகத்தோடு வருகிற கேரட், பீன்ஸ், கோஸ். ஏசுதாசன் கூடத்தில் உட்கார்ந்து, சமையலறையில் இருந்து வரும் வாசனையை வைத்து, தாளிப்பில் கடுகு எப்போது கருகியது என்பதைச் சொல்லாமல் இருக்கப் பழகினார். அந்தப் பழக்கம் அவருக்கு முழுமையாக வரவில்லை.

ஜனவரி 24ஆம் தேதி சனிக்கிழமை காலையில், பள்ளிக்கரணையில் இருக்கும் ஏசுதாசனின் அக்கா வீட்டுக்குப் போய் இடியாப்ப அச்சு ஒன்றை வாங்கி வரும்படி சாராள் சொன்னார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு அச்சு இருந்தது. ஒழுங்காக விசாரிக்கும் மனிதர் அப்போதே விசாரித்திருப்பார். தடையில் இருப்பவருக்கு ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது, போய்விட்டார். அக்கா மத்தியானச் சாப்பாடு போட்டு, சாயங்காலம்தான் விட்டார்.

மறுநாள் ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் சிறுகிழங்குப் பொரியல் இருந்தது.

"கெசியா குடுத்து விட்டா," என்றார் சாராள், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

ஏசுதாசன் ஒரு கிழங்கை வாயில் போட்டார். முறுகல் கொஞ்சம் குறைவு; அவசரப்பட்டுக் கிளறியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சரி. அப்புறம் தொண்டைக்குப் பின்னால் இருந்து மெல்ல ஏறி மூக்கைத் தொட்டது பூண்டு, தோலோடு நசுக்கி அடுப்பை அணைத்த பிறகு போட்ட பூண்டு. பல்லில் ஒன்றிரண்டாய் மிளகு.

கெசியா பூண்டை எப்போது போடுவார் என்று அவர் மெதுவாகக் கேட்டார். எனக்கென்ன தெரியும், சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, சாராள் அன்று கரண்டியை அவர் பக்கமே நகர்த்தவில்லை. கைகளையும் மேசைக்கு மேலே அதிகம் கொண்டுவரவில்லை. கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல், ஏசுதாசன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரச்சோதனையில் இத்தனை வருடம்.

திங்கட்கிழமை குடியரசு தினம். சாராள் பள்ளியில் கொடி ஏற்றினார். மத்தியானம் பள்ளியின் வாட்சப் குழுவில் இருந்து படம் ஒன்று பிளஸ்ஸிக்குப் போய், அவளிடம் இருந்து அப்பாவுக்கு வந்தது. அம்மா கம்பீரமாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாள். இருந்தார். ஒரு கை கொடிக்கயிற்றில், ஒரு கை நெற்றியில் வணக்கம் வைத்தபடி. ஏசுதாசன் படத்தைப் பெரிதாக்கினார். நெற்றியில் இருந்த கையின் விரல்நுனிகள் கறுத்திருந்தன. கயிற்றில் இருந்த கையிலும் அப்படியே. வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும் நாளில், அத்தனை வருடம் காப்பாற்றிய விரல்கள்.

 அவர் எழுந்து, சேலையூர் மெயின்ரோட்டில் திறந்திருந்த ஒரே ஜெராக்ஸ் கடைக்குப் போய், படத்தைக் கலரில் அச்செடுத்து வந்தார்.

27ஆம் தேதி காலையில், காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் அது வைக்கப்பட்டது. சாராள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"புடவை நல்லாத்தானே கட்டியிருக்கேன்?"

"விரலைப் பாரு."

"பேனா மை."

"ரெண்டு கையிலயுமா?"

சாராள் காப்பியைக் குடித்தார். பாதி டம்ளரில் சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. சிரித்து முடித்த பிறகு, கறுத்த விரலாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கோணியில போட்டு அடிச்சு அடிச்சு தோள்பட்டையே போச்சு. நீங்களே செஞ்சுக்கோங்க. ஆனா மெஷின் பக்கம் போனீங்க, அடுத்த ரவுண்டுல உங்களையும் உள்ள போட்டுருவேன்."

"அப்போ தடை போயிருச்சா?"

"அதான் வாயால சொல்லிட்டேன்ல."

"பொரியல் நல்லா இருந்துச்சா?"

"பள்ளிக்கு நேரமாச்சு," என்று சாராள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலையில் ஏசுதாசன் கற்றுக்கொண்ட பாடங்களில், தாமாகக் கற்காத ஒரே பாடம் இது: வாயால் சொன்ன உத்தரவு அடுத்த புடவை கெடும்வரைதான் செல்லும். ஆகவே திருமதி சாராள் ஏசுதாசன் அவர்களிடம் முறைப்படி கோரப்படுவதாவது: ஜனவரி 10ஆம் தேதியிட்ட தடை நீங்கியதா, இல்லையா, ஜனவரி 4ஆம் தேதி பரிமாறப்பட்ட சிறுகிழங்குப் பொரியல் நன்றாக இருந்ததா, இல்லையா, இல்லையென்றால், அதைத் திருட்டுத்தனமாகச் செய்து பார்த்தது ஏன். தை முடிவதற்குள் இனி இரண்டு சனிக்கிழமைகளே மீதம் இருப்பதால், 31ஆம் தேதி காலை ஏசுதாசன் சந்தைக்குப் புறப்படுவதற்கு முன்னால், கையொப்பமிட்ட எழுத்துமூலமான பதில் வழங்கப்பட வேண்டும். அதற்கான பேனா மை தம் இரண்டு கைகளிலும் போதுமான அளவு இருப்பதாகத் திருமதி சாராள் அவர்களே தெரிவித்திருக்கிறார்.